மூன்று சென்டிமீட்டர்

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப் தரையில், அறுத்துப் போட்ட ஸ்பிரிங் வளையம் ஒன்று கிடந்தது. ஒரே ஒரு சுற்று. எடுத்துப் பார்த்தேன். பார்க்க வளையல் போல இருந்தாலும் நல்ல கனம், முந்நூற்றைம்பது கிராமாவது இருக்கும். கறுப்புப் பூச்சு புத்தம் புதிதாக இருந்தது. அறுத்த முனையில் மட்டும் கிரைண்டர் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. “ஒரு சுத்து எடுத்தாப் போதுங்ணா, வண்டி நல்லா உக்காந்துரும்” என்றார் மெக்கானிக். உட்கார்ந்துதான் இருந்தது. டயருக்கும் பெண்டருக்கும் நடுவே நாலு விரல் நுழைந்த இடத்தில் இப்போது இரண்டு விரல்தான் நுழைந்தது.

தாழ்ந்து நிற்கும் கார் அழகு. பாய்வதற்காகப் பதுங்கிய புலியின் சாயல் அதற்கு வந்துவிடுகிறது. அந்த ஆசையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி மூன்று சென்டிமீட்டர் இறங்கும்போது அதன் அடியில் என்னென்ன இடம் மாறுகின்றன என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, இந்தச் சின்ன அளவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

முதலில் அந்த வளையத்தையே பார்ப்போம். ஸ்பிரிங்கை அமுக்கினால் கம்பி வளைகிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கம்பிக்குள் உண்மையில் நடப்பது முறுக்கு. ஈரத்துணியைப் பிழிவதுபோல, கம்பியின் ஒவ்வொரு துளி நீளமும் அடுத்த துளியைப் பார்த்துக் கொஞ்சம் திருகிக்கொள்கிறது. அந்தச் சின்னச் சின்னத் திருகல்கள் எல்லாம் சேர்ந்துதான் நம் கண்ணுக்கு அமுக்கமாகத் தெரிகின்றன. ஆறு சுற்று ஸ்பிரிங்கை மனதுக்குள் பிரித்து நேராக நீட்டினால் சுமார் இரண்டரை மீட்டர் கம்பி. நீளமான கம்பி சுலபமாக முறுக்கு ஏறும், குட்டைக் கம்பி முரண்டு பிடிக்கும். அதனால்தான் ஒரு சுற்றை அறுத்தால் ஸ்பிரிங் குட்டையாவதோடு நிற்காமல் விறைப்பாகவும் ஆகிவிடுகிறது. கம்பியின் பருமனுக்கு இன்னும் அதிக செல்வாக்கு. விறைப்பு அந்தப் பருமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால், கூடிய அந்த ஒரு மில்லிமீட்டருக்கு விறைப்பு 38 சதவீதம் கூடிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய கார் ஒன்றின் முன்சக்கரத்து ஸ்பிரிங் மேல் 240 கிலோ உட்கார்ந்திருக்கிறது, அந்த ஸ்பிரிங் ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் 2 கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமுக்கமும் விசையும் கைகோத்து ஏறும் என்ற விதி ராபர்ட் ஹூக்குடையது. 1676-ல் அதை 14 எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னார் அவர். அந்த விதிப்படி நம் ஸ்பிரிங் 120 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். இப்போது ஆறு சுற்றில் ஒன்றை அறுக்கிறோம். விறைப்பு 2-லிருந்து 2.4 ஆகிறது, 100 மில்லிமீட்டர்தான் அமுங்கும். ஆனால் அறுத்த சுற்று தன்னோடு 50 மில்லிமீட்டர் உயரத்தையும் கொண்டுபோய்விட்டது. 50 போய் 20 திரும்பி வந்ததில் வண்டி 30 மில்லிமீட்டர் தாழ்கிறது. மெக்கானிக் சொன்னது சரிதான்.

அந்தக் கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோனால் சிக்கல் தெரியும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் நீண்டு கொடுக்கிறது. முன்பு 80 மில்லிமீட்டர் நீண்டாலும் ஸ்பிரிங்கில் 40 மில்லிமீட்டர் அமுக்கம் மிச்சம் இருந்தது. மேல் கிண்ணத்துக்கும் கீழ்க் கிண்ணத்துக்கும் நடுவே அது இறுக்கமாகப் பிடித்து நின்றது. அறுத்த பிறகு அதே முழு நீட்டத்தில் ஸ்பிரிங் 10 மில்லிமீட்டர் குறைகிறது. அதாவது பிடிப்பே இல்லாமல் தொங்குகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் கையால் அசைக்கலாம். பள்ளத்தில் விழுந்து எழும்போது கேட்கும் ‘டக்’ என்ற சத்தம், தொங்கிய ஸ்பிரிங் திரும்பிப்போய்த் தன் இருக்கையில் மோதுவது. பின்பக்க ஸ்பிரிங் ஷாக்கிலிருந்து தனியாக நிற்கும் கார்களில் அது இடம் பெயர்ந்து வெளியே வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. போதாததற்கு, தயாரிப்பாளர் கிண்ணத்தின் பள்ளத்துக்கு ஏற்ப முனையை வளைத்துக் கொடுத்திருப்பார். அறுத்த முனைக்கு அந்த வளைவு கிடையாது, கூர்மையாக ஒரே புள்ளியில் ஊன்றும்.

கிரைண்டர் சூடு அறுத்த முனையோடு நின்றுவிடும். கேஸ் வெல்டிங் தீயை ஸ்பிரிங் மேல் பிடித்து ‘உட்கார வைக்கும்’ வழக்கம் அதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஸ்பிரிங் எஃகு அதன் குணத்தை வெப்பத்தில் பதப்படுத்தித்தான் பெறுகிறது. சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது ஸ்பிரிங் வடிவத்தில் இருக்கும் சாதாரணக் கம்பி.

சரியான வழி, அந்த மாடலுக்கென்றே வடிவமைத்த தாழ்வான ஸ்பிரிங். அதிலும் உயரம் குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் முழுதும் நீண்டாலும் பிடிப்பு விடாத நீளத்தைக் கணக்கிட்டுச் சுற்றியிருப்பார்கள். விறைப்பைக் கூட்டாமல் தாழ்த்தவே முடியாதா என்று கேட்கலாம். சக்கரம் மேலே ஏற முன்பு 70 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்று கொண்டால், 30 தாழ்த்திய பிறகு 40 தான் மிச்சம். ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அந்தத் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. 70-ஐயும் 40-ஐயும் இருமடியாக்கி வகுத்துப் பாருங்கள், மூன்று வரும். அதே மேட்டை அடிவாங்காமல் விழுங்க மூன்று மடங்கு விறைப்பு வேண்டும்! அவ்வளவு விறைப்பை யாரும் போட மாட்டார்கள்; போட்டால் அதில் உட்கார முடியாது. அதனால் மிச்சத்தைப் பம்ப் ஸ்டாப் ஏற்கிறது. ஷாக்கின் தண்டைச் சுற்றிப் பஞ்சுபோல் இருக்கும் அந்தப் பாலியூரித்தேன் கட்டை முன்பு எப்போதாவது ஒருமுறை வேலை செய்தது. தாழ்த்திய காரில் அது அன்றாடக் கூலி. அதை வெட்டிக் குட்டையாக்கினால் வண்டி மிருதுவாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டை குறைந்த அளவுக்கு ஷாக்கின் பிஸ்டன் தன் குழாயின் அடியில் மோதத் தொடங்கும். சரியான விடை, உடலே குட்டையாகச் செய்த ஷாக்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒரு நட்டை 12 சென்டிமீட்டர் நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். அது ஆடும் தாளம், நொடிக்குச் சுமார் 1.4 முறை. எடையில் 12 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும் கார் ஸ்பிரிங்கின் மேல் வண்டி மேலும் கீழும் ஆடும் தாளமும் அதேதான். கார் எத்தனை கிலோ, ஸ்பிரிங் எத்தனை விறைப்பு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று தெரிந்தால் போதும், அந்த நீள ஊசல்தான் அந்தக் கார். 5-ஐ, சென்டிமீட்டரில் அளந்த அமுக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தாளம் கிடைத்துவிடும். நொடிக்கு 1 முதல் 1.5 வரை இருந்தால் சொகுசு. பந்தயக் கார்கள் 2-ஐத் தாண்டிப் போகும். அந்த எண் மேலே ஏற ஏற நம் உடம்பு முணுமுணுக்கும். 4 முதல் 8 வரையிலான அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மிகவும் தொந்தரவு. நம் அறுத்த ஸ்பிரிங் தாளத்தை 1.44-லிருந்து 1.58-க்குக் கொண்டுபோயிருக்கிறது.

முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் ஒரே தாளம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து அமெரிக்கா போன மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் 1930-களில் காடிலாக் நிறுவனத்தில் இதைத் தேடினார். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு சோதனைக் காரைக் கட்டி, ஓட்டி ஓட்டிப் பார்த்தார். பின்புறம் சற்று வேகமாக ஆட வேண்டும் என்பது அவர் கண்டது. காரணம் எளிது. மேட்டை முன்சக்கரம் முதலில் சந்திக்கிறது; பின்சக்கரம் தாமதமாக வருகிறது. 2.45 மீட்டர் இடைவெளியுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தத் தாமதம் சுமார் 0.15 நொடி. பின்புறம் கொஞ்சம் வேகமாக ஆடினால் ஓரிரு ஆட்டத்தில் முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி தலையாட்டாமல் மட்டமாக எழுந்து மட்டமாக இறங்கும். முன்னால் மட்டும் விறைப்பான ஸ்பிரிங் போட்டு மூக்கை இறக்கிய கார்கள் நெடுஞ்சாலையில் தலையாட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு ஸ்பிரிங்கும் ஒரு குடும்பம். ஒரே தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயர் ஆளை ஏமாற்றும். அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதைத் திரும்பத் திரும்ப ஆடித் தீர்க்காமல் எண்ணெய்ச் சூடாக்கி அடக்குவது ஷாக்கின் வேலை. விறைப்பு 20 சதவீதம் கூடினால் அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் 9 சதவீதம்தான் குறைகிறது. நல்ல நிலையில் இருக்கும் பழைய ஷாக் அதைச் சமாளித்துவிடும். 50 சதவீதம் கூடினால் குறைவு 18 சதவீதம்; அங்கே துள்ளல் கண்ணுக்குத் தெரியும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்த ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கை ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. பழி ஸ்பிரிங் மேல் விழுகிறது.

இவ்வளவும் செய்து என்ன கிடைக்கிறது? ஈர்ப்பு மையம் இறங்குகிறது, வளைவில் பிடிப்பு கூடுகிறது என்பார்கள். எவ்வளவு? 1000 கிலோ கார், தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் அகலம். புவியீர்ப்பில் 0.7 பங்கு பக்கவாட்டு விசையோடு வளைவு எடுத்தால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 257 கிலோ இடம் மாறும். 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 243. லாபம் 14 கிலோ. பெட்ரோல் நிரம்பிய டேங்க்கின் ஏறக்குறையப் பாதி எடைதான். டயரின் பிடிப்பு அதன்மேல் விழும் சுமை கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பதால், இந்த 14 கிலோவுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் பிடிப்புதான் வேண்டும் என்றால் அதே பணத்தை முதலில் நல்ல டயரில் போடுங்கள் என்றே சொல்வேன்.

அந்த 14 கிலோவின் பலனைக் குறைக்கக்கூடிய ஒன்று காரின் அடியில் ஒளிந்திருக்கிறது. நம் ஊர்ச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் முன்புறம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பு. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும், அடியில் சக்கரத்தை ஒரு லோயர் ஆர்ம் பிடித்திருக்கும். வண்டி வளைவில் சாயும்போது ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. அந்தப் புள்ளியில் ஆணியும் இல்லை, போல்ட்டும் இல்லை. கோடு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லோயர் ஆர்ம் வழியாக உள்பக்கம் ஒரு கோடு, தூணின் தலையிலிருந்து தூணுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மூன்றாவது கோடு. அது காரின் நடுக்கோட்டை வெட்டும் இடம்தான் சாய்வு மையம்.

சிறிய கார் ஒன்றின் உத்தேச அளவுகளை வைத்து இதை வரைபடத் தாளில் வரைந்து பார்த்தேன். ஆரம்பத்தில் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது. சாய்வு மையம் தரையிலிருந்து சுமார் 12.5 சென்டிமீட்டர் உயரத்தில் வந்தது. காரை 3 சென்டிமீட்டர் இறக்கினேன். ஆர்ம் மட்டமானது. மறுபடி மூன்று கோடுகள். சாய்வு மையம் 5 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தது. கார் இறங்கியது 3, அது இறங்கியது ஏழரை! ஈர்ப்பு மையத்துக்கும் சாய்வு மையத்துக்கும் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். அது 42.5-லிருந்து 47 சென்டிமீட்டராக நீண்டுவிட்டது. தாழ்ந்த கார் முன்பைவிட அதிகமாகச் சாயத் துடிக்கிறது. விறைப்பான ஸ்பிரிங்கின் பாதி உழைப்பு அந்தத் துடிப்பை அடக்கவே போய்விடுகிறது. இன்னும் இறக்கினால் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே ஏறும். மையம் தரையைத் தொட்டு அதற்கும் கீழே போகும். ஸ்டியரிங்கின் டை ராடும் அப்படியே கோணம் மாறுவதால், மேட்டில் ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். டயரின் உள்பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் இந்தக் கோணங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். அலைன்மென்ட் செய்யாமல் தாழ்த்துவது பாதி வேலை. அதிகம் தாழ்த்துகிறவர்கள், ஆர்ம் முனையைக் கீழே கொண்டுவரும் நீண்ட பால் ஜாயின்ட்டையும் அதற்கேற்ற டை ராடு முனையையும் ‘ரோல் சென்டர் கிட்’ என்று சேர்த்து வாங்குவார்கள். காரைக் கீழே இறக்கிவிட்டு, ஆர்மை மட்டும் பழைய சாய்வுக்குத் திருப்பும் வேலை அது.

தாழ்வு ஆசையும் சட்டமும் சென்டிமீட்டர் கணக்கில் மோதிக்கொண்ட கதைகள் உண்டு. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றிக் காரைத் தாழ்த்தி மெதுவாக உலா வந்தார்கள். சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் வரக் கூடாது என்ற சட்டம் அங்கே 1958-ல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் விமானத்துக்கான ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸைப் பார்த்தால் கார் எழுந்துகொள்ளும், அவர்கள் போனதும் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தடை 2024 தொடக்கத்தில்தான் முழுதாக நீங்கியது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1981-ல் காருக்கும் தரைக்கும் 6 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயமானது. காரின் அடியில் காற்று வேகமாக ஓடி அதைச் சாலையோடு உறிஞ்சி அழுத்துவதைக் குறைக்கத்தான் அந்த விதி. ஆனால் அளப்பது கார் நிற்கும்போது. பிராபம் அணியின் கார்டன் முரே, ஓடும்போது காற்றின் அழுத்தத்திலேயே கார் தாழ்ந்து, வேகம் குறைந்த பிறகு மெல்ல எழும் ஹைட்ரோநியூமாட்டிக் அமைப்பைச் செய்தார். அந்தக் காரில் நெல்சன் பிக்கே அர்ஜென்டினா பந்தயத்தை வென்றார். அந்த ஆண்டின் சாம்பியனும் அவரே. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வாகனம் மாறக் கூடாது என்கிறது. எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது.

நம் ஊரில் தாழ்ந்த காரின் முதல் எதிரி வேகத்தடை என்பார்கள். அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம். அதன் நட்டநடுவில் ஒரு ஸ்விஃப்ட் நிற்கட்டும். முன்னும் பின்னும் சக்கரங்கள் 2.45 மீட்டர் தள்ளி. இரண்டு ஜோடியும் அந்த மேட்டின் மேலேயேதான் இருக்கும். நடுவில் மேடு சக்கர மட்டத்தைவிட எழுவது வெறும் 4.4 சென்டிமீட்டர். ஆளில்லாமல் 163 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள அந்தக் காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்தி, நாலு பேரை ஏற்றினாலும் 10 சென்டிமீட்டர் அளவுக்கு மிச்சம் இருக்கும். தொடவே தொடாது. தெருவில் ஒரே இரவில் முளைக்கும் அரை மீட்டர் அகலத் திண்டின் கதை வேறு. அது முழுசாக இரண்டு ஜோடிச் சக்கரங்களுக்கும் நடுவே அடங்கிவிடும். அதன் 12 சென்டிமீட்டர் உயரமும் காரின் வயிற்றுக்குத்தான். தாழ்த்தாத கார் மயிரிழையில் தப்பும், தாழ்த்தியது அடி தட்டும்.

அதனால் தினசரி ஓட்டும் காருக்கு என் அளவு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை சென்டிமீட்டர்: மாடலுக்கென்று செய்த ஸ்பிரிங் நாலு, அதற்கேற்ற புது ஷாக், புது பம்ப் ஸ்டாப். உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயில்ஓவர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரை போட்ட உடலில் ஸ்பிரிங்கின் இருக்கையை மட்டும் ஏற்றி இறக்கும் வகையில், காரை இறக்கினால் சக்கரம் ஏறும் இடமும் குறையும். அடிப்பகுதியையே திருகி மொத்த நீளத்தை மாற்றும் வகையில் அந்த இடம் அப்படியே இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் நம் சாலைக்கு அந்த இடம் முக்கியம்.

கடைசியாகப் பொருத்தும் வேலை. லோயர் ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். உள்குழாய், வெளிக்குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். அது பேரிங்போலச் சுழலாது. முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். கார் லிஃப்ட்டில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். இரவு பகலாக அந்த முறுக்கோடே இருந்து சீக்கிரம் கிழியும்.

அந்தக் கோவை ஒர்க்‌ஷாப்பில் சில வாரம் கழித்து அதே காருக்கு முறையான ஸ்பிரிங் ஏறியது. மெக்கானிக் நாலு சக்கரத்தின் கீழும் மரக்கட்டை வைத்து வண்டியை முழு எடையோடு இறக்கினார். மல்லாந்து அடியில் நுழைந்தார். “கொஞ்சம் பம்பரை அமுக்கி விடுங்ணா” என்றார். இரண்டு மூன்று தடவை அமுக்கினேன். வண்டி ஆடி அடங்கியது. புஷ் போல்ட்டைத் தளர்த்தினார். உள்ளே சின்னதாக ‘டிக்’ என்று ஒரு சத்தம். முறுக்கியிருந்த ரப்பர் திரும்பித் தன் புது நிலையைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் டார்க் ரென்ச்சைக் கேட்டுக் கை நீட்டினார்.